செவலையையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலா

கீரமங்கலம் பக்கம் இருக்கும் அந்தக் குடும்பத்துக்குச் சித்தன்னவாசல் ஒன்றும் தூரதேசம் இல்லை. வண்டி எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனாலும், அந்த வீட்டு அம்மா ஐம்பத்தேழு வயது வரைக்கும் அதைப் பார்த்ததில்லை. ஏழாம் வகுப்பில் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் பஸ் பிடித்துப் போனபோது, ஆடு மேய்க்க ஆள் இல்லை என்று இவரை மட்டும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கல்யாணமான பிறகு மாடு. மாட்டுக்குப் பிறகு கஜா புயல். புயலுக்குப் பிறகு நாய்.

கடைசிக் காரணத்தைக் கேட்டால் டவுனில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு நாள் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கிளம்ப முடியாதா? முடியாது என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இவர்கள்.

செவலை இந்த வீட்டுக்கு வந்தது கிடை ஆட்டோடு. சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு, நெல்லும் காசும் அவர்களுக்கு. 2017-ல் அப்படி வந்த ஒரு கீதாரி, பால்குடி மறந்த பெட்டைக் குட்டி ஒன்றை ஒரு மரக்கால் நெல்லுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். செம்மண் நிறம். அதனால் செவலை. எட்டு மாதத்தில் கொல்லைக் காவல் முழுக்க அதன் பொறுப்பாகிவிட்டது. பன்றி, நரி, மயில், பக்கத்து வீட்டு ஆடு எதுவும் வேலியைத் தாண்ட முடியாது.

மறு வருஷம் நவம்பர் 15-ம் தேதி ராத்திரி கஜா வந்தது. 16-ம் தேதி விடிகாலையில் கரையைக் கடந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று இந்த வட்டாரத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் தோப்பில் தொண்ணூறு மரத்தில் பதினொன்றுதான் நின்றது. தொழுவத்துக் கூரை பறந்தபோது செவலை மாட்டின் காலடியிலேயே கிடந்தது. மாடும் பிழைத்தது, நாயும் பிழைத்தது. ஆனால், அன்றிலிருந்து காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே அதற்கு உடம்பு நடுங்கும். வீட்டில் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மகளுக்குப் பிரசவம் என்று இருவரும் இரண்டு ராத்திரி திருப்பூரில் தங்கினார்கள். திரும்பி வந்து பார்த்தால் சங்கிலி அறுந்து கிடந்தது. பக்கத்து வீட்டார் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி ரோட்டோரத்தில், பின்னங்காலில் அடியோடு, நாயைக் கண்டுபிடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு முறைதான். கல்யாணத்துக்கு அவர் போனால் காதுகுத்துக்கு இவர் போவார். இருவரும் சேர்ந்து ஒரு விசேஷத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

வாடகைக்கு ஆம்னி வேன் ஓட்டும் அண்ணன் மகன்தான் அந்தப் பேச்சை எடுத்தது.

“சித்தப்பா, அவளையும் ஏத்திக்கிட்டுப் போவோம். கூட்டம் இல்லாத நாளாப் பாத்துப் போனா யாருக்கு என்ன தொந்தரவு?”

“நாயைக் கூட்டிக்கிட்டு டூர் போனான்னு ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?” என்றார் பெரியவர்.

“சிரிக்கிறவங்க வந்து நம்ம நாயைப் பாத்துக்குவாங்களா?” என்று அம்மா கேட்டார். அதோடு முடிவாகிவிட்டது.

ஆள் இல்லாத காலம் எது?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சுற்றுலா இடங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. காணும் பொங்கல் அன்று சித்தன்னவாசலிலும் திருமயத்திலும் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும். அரையாண்டு விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். விவசாயிக்கு அதுதான் கதிர் முற்றி நிற்கும் நேரம், அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம்.

இந்த இடங்கள் காலியாகக் கிடப்பது வருஷத்தில் இரண்டு தடவை. ஒன்று, கத்திரி வெயில். பள்ளிக்கு விடுமுறை இருந்தாலும் அந்த வெயிலில் பாறை ஏற யாரும் வருவதில்லை. வசதி இருப்பவர்கள் கொடைக்கானல் போய்விடுவார்கள். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழை. காலியாக இருக்கிறதே என்று கத்திரியில் நாயைக் கூட்டிப்போவது அதைக் கொல்வதற்குச் சமம். நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் அந்த இளைப்பு எடுபடாது.

ஆகவே இவர்கள் எடுத்தது ஐப்பசி. புரட்டாசியில் நட்ட சம்பாவுக்குக் களை எடுத்து மேலுரமும் போட்டாகிவிட்டது. தீபாவளி முடிந்த அடுத்த வாரம், மழை இரண்டு நாள் வெறித்திருந்தது. ஒரு புதன்கிழமை. மாடு இப்போது இல்லை. ஒரே ஒரு கிடேரி. அதைக் கொழுந்தியா வீட்டில் கட்டியாகிவிட்டது.

அதற்கு முந்தைய மூன்று வாரமும் செவலைக்குப் பள்ளிக்கூடம் மாதிரிதான் போனது. முதல் தடவை வேனில் ஏற்றியபோது நூறடி போவதற்குள் வாந்தி எடுத்துவிட்டது. தினமும் உரக்கடை வரைக்கும், பிறகு கடைத்தெரு வரைக்கும் என்று ஏற்றி இறக்கிப் பழக்கினார் அண்ணன் மகன். கிளம்புகிற அன்று காலையில் சோறு கிடையாது; முதல் நாள் ராத்திரி போட்டதோடு சரி. வெறும் வயிற்றோடு வந்தால் வண்டி ஒத்துக்கொள்ளும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷா வருஷம் கால்நடை மருந்தகத்தில் போட்டுவருவதால் அந்தக் கவலை இல்லை. ஒரு தடவைகூடப் போடாத நாய் என்றால், இன்று ஊசி போட்டு நாளை பயணம் என்று கிளம்பக் கூடாது. ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும்.

கழுத்தில் கயிறு கட்டி இழுத்தால் செவலை திமிறும், மூச்சு முட்டும். மகள் திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய நெஞ்சுப்பட்டையில் கயிறு கட்டினார்கள். பெரியவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. “மாட்டுக்குக்கூட இவ்வளவு ஜோடனை கெடையாது” என்றார். ஆனால், அன்று நாயைக் காப்பாற்றியது அந்தப் பட்டைதான்.

சித்தன்னவாசல்

நினைத்தது போலவே ஆள் நடமாட்டம் இல்லை. மழைக்குக் குளித்த பாறை கருத்து மினுமினுத்தது. குன்றைச் சுற்றி இருக்கும் ஈமக்காட்டுக் கற்களுக்கு நடுவில் புல் முளைத்திருந்தது. சீசனில் வரிசை கட்டி நிற்கும் பஜ்ஜிக் கடை, ஐஸ் வண்டி ஒன்றும் இல்லை.

நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். “ஐயா, நாய் உள்ள வரக்கூடாது.”

“கயித்துலதான் தம்பி இருக்கு. யாரையும் ஒண்ணும் செய்யாது.”

“செய்யாதுங்க ஐயா. எனக்கும் தெரியுது. ஆனா ரூல்ஸ் அப்படி.”

காவலாளி சொன்னது சரி. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களுக்கு 1959-ம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. அதில் 8-வது விதி, பராமரிப்பு வேலைக்குத் தவிர எந்த விலங்கையும் பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறது. சமைப்பது, ஒதுக்கிய இடத்துக்கு வெளியே சாப்பிடுவது, நிறுத்துமிடம் தாண்டி வண்டி கொண்டுபோவது எல்லாமே அதில் வருகிற தடைகள்தான். சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம், கொடும்பாளூர் மூவர் கோயில் என்று இந்த மாவட்டத்தில் பேர் சொல்லும் இடங்கள் பலவும் இந்த விதிக்குள் அடங்கியவை. கூட்டம் இல்லாத நாள் என்பதற்காக விதி தளராது. நாயோடு கிளம்புகிறவர்கள் இதை வீட்டிலேயே தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. வாசலில் நின்று காவலாளியோடு மல்லுக்கட்டி, கடைசியில் நாயை வண்டிக்குள் அடைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அது மட்டும் கூடவே கூடாது. மூடிய வண்டிக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி அளவுக்குச் சூடு ஏறிவிடும். கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. நிழலில் நிறுத்தினாலும் நிழல் நகரும். உள்ளே போனவர்கள் படம் எடுத்து முடித்து வர ஒரு மணி நேரம் ஆகும்.

இவர்கள் மூன்று பேர். ஒருவர் நாயோடு வெளியில் இருப்பது, மற்றவர்கள் உள்ளே போவது, பிறகு மாற்றிக்கொள்வது என்று முடிவானது. முதலில் யார் போவது என்பதில் பேச்சே எழவில்லை. பெரியவர் வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். செவலை அவர் காலடியில் சுருண்டுகொண்டது.

அறிவர் கோயில் குன்றின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை இளங்கௌதமன் என்ற ஆசிரியர் அதைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் இருப்பதுதான் அந்தப் பெயர் பெற்ற ஓவியம். சுண்ணாம்புச் சாந்து பூசி அதன்மேல் வரைந்த தாமரைக் குளம். பூவும் மொட்டும் இலையுமாக நிறைந்த தண்ணீர், அதற்குள் மீன்கள், வாத்துகள், யானைகள், எருமைகள். பூப்பறிக்கும் ஆட்கள் மூன்று பேர். சமணர் நூல்களில் சொல்லப்படும் புனிதக் குளம் அது என்பார்கள். பல இடங்களில் சாயம் உதிர்ந்துவிட்டது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

காணும் பொங்கலில் வந்திருந்தால் பின்னால் நிற்பவர்கள் நெருக்கித் தள்ளியிருப்பார்கள். அன்று அம்மா இருபது நிமிஷம் நின்றார். யாரும் நகரச் சொல்லவில்லை. காவலுக்கு இருந்தவர் உள்ளறைக்குக் கூட்டிப்போய், வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று இழுக்கச் சொன்னார். அறை முழுவதும் அந்தச் சத்தம் சுற்றி வந்தது. வெளியே வந்ததும் அம்மா மறுபடி விதானத்துக்கே போய்விட்டார்.

“எருமை தண்ணிக்குள்ள எப்படிக் கெடக்கும்னு பாத்துப் பழகினவந்தான் இதை வரைஞ்சிருக்கான்” என்றார் அண்ணன் மகனிடம். “மூக்கை மட்டும் மேல வச்சிக்கிட்டு... நம்ம ஊர்க் கம்மாயில கெடக்குற மாதிரியே. எல்லாத்தையும் வரைஞ்சவன் ஒரு நாயை வரைய மறந்துட்டானே.”

மாடு மேய்த்தவர் கண்ணுக்கு முதலில் பட்டது எருமை. ஓவியத்தைப் பற்றி எழுதுகிற பெரிய ஆட்கள் பூவையும் நடனப் பெண்களையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

வெளியில் அதே நேரத்தில் நிலவரம் வேறு. சீசன் இல்லாத காலத்தில் சுற்றுலா இடங்களில் ஒரு ஆபத்து உண்டு. முதலில் யாருக்கும் இது தோன்றாது. கூட்டம் வரும் நாட்களில் கடைக்காரர்கள் போடுவதையும் வருகிறவர்கள் மிச்சம் வைப்பதையும் தின்று அங்கேயே ஐந்தாறு நாய்கள் வளர்ந்திருக்கும். கடை மூடினால் அவற்றுக்குப் பசி. புதிதாக ஒரு நாய் அவற்றின் எல்லைக்குள் வந்து உட்கார்ந்தால் விடுமா? நாலு நாய்கள் புதருக்குள்ளிருந்து வந்து சுற்றி நின்றன. செவலையும் லேசுப்பட்டது இல்லை. எழுந்து நின்று முதுகு மயிரைச் சிலிர்த்தது.

பெரியவர் கல்லை எடுக்கவில்லை. கல்லை எடுத்தால் சண்டை தொடங்கிவிடும் என்பது கிடைக்காரர்களிடம் அவர் பார்த்துக் கற்றது. முதுகை மரத்தில் கொடுத்து, நாயை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். நெஞ்சுப்பட்டை கையில் இருந்ததால் செவலையால் பாய முடியவில்லை. கழுத்துக் கயிறாக இருந்திருந்தால் உருவிக்கொண்டு போயிருக்கும். சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணன் மகன்தான் அவசரப்பட்டுக் காலை வீசினார். ஒரு நாயின் பல் அவர் கெண்டைக்காலில் உரசியது. ரத்தம் வரவில்லை, கீறல் மட்டும். அதற்குள் காவலாளி வந்து நாய்களை அதட்டி விரட்டிவிட்டார்.

“இது ஒண்ணும் இல்ல சித்தப்பா, எச்சில்கூடப் படல” என்றார் அண்ணன் மகன்.

அம்மா விடவில்லை. குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவவைத்தார். மஞ்சள் வைக்கலாமா, சுண்ணாம்பு வைக்கலாமா என்று பெரியவர் கேட்டதற்கு, “ஒண்ணும் வைக்கக் கூடாது, ஊசிதான்” என்று பதில் சொன்னார். நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில் சுகாதாரச் செவிலியர் சொன்னதைக் கேட்டு மனதில் வைத்திருந்தார். திரும்பும் வழியில் அரசு மருத்துவமனையில் முதல் ஊசி போட்டாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கிடையாது. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நாலும் தவறாமல் போட வேண்டும். வலி போய்விட்டது என்று மூன்றோடு நிறுத்திவிடுகிற ஆட்கள் நம் ஊர்களில் நிறைய. ரத்தம் வந்த கடியாக இருந்தால் ஊசியோடு காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். அதற்குக் கொஞ்சம் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லலாம். தயங்காமல் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்த பிறகு பிழைக்கவைக்க மருந்து இல்லை.

“நாய்க்கு ஊசி போட்டுக் கூட்டிக்கிட்டு வந்தோம். கடைசியில டிரைவருக்குப் போட வேண்டியதாப் போச்சு” என்று அண்ணன் மகன் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

பெரியவர் அன்று ஓவியத்தைப் பார்க்காமல் திரும்பவில்லை. மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அம்மா அவரைத் துரத்தி அனுப்பினார். அவர் ஐந்தே நிமிஷத்தில் வந்துவிட்டார். “பாத்தேன், எருமை இருக்கு” என்றார். குன்றின் கிழக்கு முகத்தில் இருக்கும் ஏழடிப்பட்டம், பதினேழு கல் படுக்கையும் தமிழ் பிராமி எழுத்தும் இருக்கிற குகை, யாருக்கும் வாய்க்கவில்லை. அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஏற்றம் எப்படியும் ஆகாது.

பாறைச் சூடு

இரண்டாவது பயணம் மாசியில், நார்த்தாமலைக்கு. அறுவடை முடிந்த ஓய்வு. ஊரைத் தாண்டி, சரிந்து கிடக்கும் பாறையில் ஏறிப் போனால் மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் நிற்கிறது. சதுரமான கோயிலுக்குள் வட்டமான கருவறை. சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் ஒன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. மழையில் சிதைந்ததை மல்லன் விடுமன் என்பவன் எடுத்துக் கட்டினான் என்று கல்வெட்டு இருக்கிறது. மேற்குப் பார்த்த கோயில். எதிரில் இரண்டு குடைவரைகள், ஒன்றில் ஆளுயர விஷ்ணு சிலைகள் பன்னிரண்டு. அங்கே நின்றால் காற்றுச் சத்தம்தான் கேட்கும்.

காலை ஏழு மணிக்கு ஏறியபோது செவலைதான் முன்னால் போனது. சுனையில் தண்ணீர் குடித்தது. கோயில் எல்லைக்கு முன்னாலேயே, பாறை நிழலில், இந்த முறை அண்ணன் மகன் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரியவரும் அம்மாவும் சேர்ந்தே கோயிலைச் சுற்றினார்கள். ஏழு வருஷத்தில் இருவரும் ஒன்றாக நின்று கும்பிட்ட முதல் சாமி அது.

அதில் நேரம் போனது தெரியவில்லை. இறங்கும்போது பத்தரை. மாசி வெயில்தானே என்று நினைத்தார்கள். பாதி வழியில் செவலை நின்றுவிட்டது. ஒரு காலைத் தூக்கியது, பிறகு மறு காலை. பெரியவர் புறங்கையைப் பாறையில் வைத்துப் பார்த்தார். நாலு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். செருப்புப் போட்ட காலுக்கு அந்தச் சூடு உறைக்கவே இல்லை. ஏழு எண்ணும் வரை புறங்கையை வைத்திருக்க முடியாத பாறையிலும் தார் ரோட்டிலும் நாயை நடத்தினால் பாதத்தின் தோல் உரிந்துவிடும்.

பதினேழு கிலோ நாயை அறுபத்திரண்டு வயது மனிதர் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆட்டுக்குட்டியைத் தூக்கி வருவது போல, நாலு காலையும் மார்பில் சேர்த்துப் பிடித்து. வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், “என்ன பெரியவரே, அடிபட்ருச்சா?” என்று கேட்டார். “இல்ல, சுடுது” என்றார் பெரியவர். மேய்ப்பவர் தன் தூக்குச் சட்டியில் இருந்த தண்ணீரை நாயின் பாதத்தில் ஊற்றினார். அவர் சிரிக்கவில்லை. தன் நாயையும் பாறையில் ஏறவிடாமல் புல் தரையிலேயே நிறுத்தியிருந்தார்.

மந்தை வைத்திருப்பவர்களுக்கு நாயின் மதிப்பு எப்போதும் தெரியும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல். சண்டையில் பட்ட வீரனோடு அவன் நாயும் அதே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ வீரர்களின் பெயர் தெரியாமல் போயிற்று; ஒரு நாயின் பெயர் நிற்கிறது.

பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, நாலு நாள் கொல்லைக்கு விடாமல் வைத்திருந்ததில் செவலைக்குச் சரியாகிவிட்டது. அதோடு ஒரு வழக்கம் வந்தது: ஒரு நாளைக்கு ஓர் இடம், எட்டரை மணிக்குள் இறக்கம். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை மூன்றையும் ஒரே நாளில் சுற்றி வரும் வழக்கம் மனிதருக்குச் சரி, நாய்க்கு ஆகாது.

பங்குனியில் திருமயம் போனார்கள். ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டை. அதுவும் தொல்லியல் துறை இடம்தான். நாய்க்கு உள்ளே இடம் கிடையாது. ஆனால், காரைக்குடி ரோட்டோரத்தில், கோட்டைச் சுவரை ஒட்டி வடக்குப் பார்த்துக் கோட்டை பைரவர் இருக்கிறார். அந்த வழியாகப் போகும் வண்டிகள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகும். நாயை வாகனமாக வைத்திருக்கும் சாமி. தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் தாங்காது என்று அதைத் தவிர்த்து ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போனார்கள். அம்மா கோட்டைக்குள் ஏறவில்லை, முழங்கால். பெரியவர் மட்டும் மேலே போய்ப் பீரங்கியைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா ரோட்டுக்கு இந்தப் பக்கம் செவலையோடு நின்று கையெடுத்தார். அங்கே படுத்திருந்த இரண்டு நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. அவற்றுக்கு அன்றைய சாப்பாடு ஆகிவிட்டிருந்தது போல.

இத்தனை இடத்துக்கும் கூட்டிப்போனவர்கள் விராலிமலைக்கு மட்டும் செவலையைக் கூட்டிப்போகவில்லை. காரணம் மயில். மலையைச் சுற்றி மயில்கள் மனிதரைக் கண்டு ஒதுங்காமல் உலாவும். தேசியப் பறவை, 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. நாய் ஒன்றைக் கவ்விவிட்டால் பதில் சொல்ல வேண்டியது நாய் இல்லை. செவலையோ கடலைக் கொல்லையில் மயிலைக் கண்டால் குரைத்துத் துரத்த வேண்டும் என்று எட்டு மாதக் குட்டியிலிருந்து பழக்கப்பட்டது. பழக்கியவர் பெரியவர். கொல்லை மயில் வேறு, கோயில் மயில் வேறு என்று அதற்கு யார் போய்ச் சொல்வது?

அதனால் தைக் கிருத்திகைக்கு அம்மா மட்டும் மகளோடு விராலிமலை போய் வந்தார். மார்கழியில் விதைத்த கடலை அப்போது நாலு இலை விட்டிருந்தது. செவலைக்குத் துணையாகப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், நாயும் அவரை விட்டு நகரவில்லை. சாயங்காலம் அம்மா வந்து கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தபோது மூன்று மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன.